மூணு தண்ணி மாவு

வேலுத்தாய்க்குத் தன் பேரைச் சொல்லக் கொஞ்சம் நேரம் வேண்டும். ‘வே’ என்று தொடங்கி, ஒரு மூச்சு இழுத்து, உதட்டைக் கூட்டி, மிச்சத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் அடுத்த ஆளிடம் பேசிக்கொண்டிருப்பார். இருபது வருசமாக இதுதான் நடப்பு. கடம்பூருக்கு மேற்கே ஆறு மைலில் இருக்கிற தும்பைக்குளத்தில் அவள் பேரை அவள் வாயால் கேட்டவர்கள் குறைவு. அவளுக்குப் புதுப் பேர் வைத்தவர்கள்தான் அதிகம். மந்தம், ஊமைக்கோட்டான், அரைக்கிறுக்கு. இரக்கம் உள்ளவர்கள் ‘பாவம், அது’ என்றார்கள்.

நாலு வயதில் நடந்தாள். ஏழு வயதில் பேசினாள். பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் உட்கார்ந்தாள். எட்டாம் நாள் வாத்தியார், “இத வீட்டுலயே வச்சிக்கிடுங்க, மத்த பிள்ளைகளுக்குப் பராக்கா இருக்கு” என்று சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு அப்பனோடும் அண்ணன் பூவனலிங்கத்தோடும் ஆட்டுக்குப் பின்னால் நடந்தாள். ஆடுகள் அவள் பேசி முடிக்கும்வரை நின்றன என்று சொல்ல முடியாது. ஆனால் அவள் பேச்சை அவை வெட்டவில்லை. அப்பனும் ஆத்தாளும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபின் அண்ணன் வீடுதான் வீடு. அண்ணன், மதினி வெள்ளைத்தாய், அவர்களுடைய ஐந்து வயது மகள் பத்திரகாளி, இவள்.

எண்பத்திரண்டில் மழை ஏமாற்றியது. எண்பத்து மூன்றிலும் ஏமாற்றியது. ஆடுகள் ஒவ்வொன்றாக எட்டயபுரம் சந்தைக்குப் போயின. கரிசல் வெடித்து, வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போயிற்று. கம்பும் சோளமும் பேச்சில் மட்டும் இருந்தன. ஊரில் மிச்சமிருந்த ஒரே வேலை தீப்பெட்டி ஒட்டுவது. தங்கப்பாண்டியன் என்கிற ஏஜெண்டு ஒரு கம்பெனிக்காக வாரம் இரண்டு தடவை மொபெட்டில் வருவார். பெட்டி மடிக்கிற மெல்லிய மரச்சக்கைக் கட்டும், நீலத்தாளும், பசை காய்ச்ச மைதா மாவும் தருவார். ஒட்டிய பெட்டிகளை வாங்கிப் போவார்.

வேலுத்தாய் குச்சி அடுக்குகிற அடிப்பெட்டியை ஒட்டுவாள். நூற்றுநாற்பத்து நாலு பெட்டி சேர்ந்தால் ஒரு குரோசு. அவளுக்குப் பத்துக்கு மேல் எண்ண வராது. அதனால் சுவரோரம் தரையில் ஒரு கோடு கிழித்து வைத்திருந்தாள். கோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு வரிசை. அப்படியே அடுக்கிக்கொண்டு போய் அம்மிக்கல்லைத் தொட்டால் ஒரு குரோசு. அவள் அடுக்கியதில் ஒரு பெட்டி குறைந்ததில்லை. எண்ணத் தெரிந்தவர்களின் குரோசுகளில்தான் குறையும்.

ஏஜெண்டு தருகிற மாவில் மயில்துத்தம் என்கிற நீல விசக்கல்லைப் பொடித்துக் கலந்திருக்கும். பூச்சி அரிக்காமல் இருக்க என்று கம்பெனி சொன்னது. இன்னொரு காரணத்தைக் கம்பெனி சொல்லவில்லை, தெருவுக்குத் தெரியும். பசைக்குக் கொடுத்த மாவை ஒட்டுகிறவர்கள் தின்றுவிடக் கூடாது. மாவு குறைந்தால் பெட்டி வாய் பிளக்கும். பசித்த வாயையும் பெட்டியின் வாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த எவனோ ஒருவன், பெட்டியின் பக்கம் தீர்ப்புச் சொல்லித் துத்தத்தை அள்ளிப் போட்டிருக்கிறான்.

தெரு அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தது. மாவைப் பெரிய பானையில் கரைத்துத் தெளியவிட வேண்டும். மேலே நிற்கிற தண்ணீர் வெளிர் நீலமாக இருக்கும். அதை வடித்துக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் ஊற்றிக் கலக்கி மறுபடி தெளியவிட வேண்டும். இப்படி மூன்று தண்ணீர். மூன்றாவதில் நீலம் கண்ணுக்குத் தெரியாது. அடியில் படிந்த மாவில் உப்புப் போட்டுக் கிண்டினால் களி, ஓட்டில் ஊற்றினால் அடை. நாக்கில் செம்புக் காசை வைத்தது மாதிரி ஒரு ருசி இருக்கும். வயிறு அதைப் பொறுத்துக்கொண்டது. துத்தம் முழுசாகப் போய்விட்டது என்று தெரு நம்பியது. முழுசாகப் போகவில்லை. குறைந்தது, அவ்வளவுதான்.

பூவனலிங்கம் வீட்டில் மாவு தெளியவைப்பது வேலுத்தாயின் வேலை. பானைக்கு மேல் முகத்தைக் கவிழ்த்து, நீலம் போயிற்றா போயிற்றா என்று பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அந்தப் பொறுமை அந்த வீட்டில் வேறு யாருக்கும் இல்லை.

பங்குனியில் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிக் கலங்கியது. யூனியன் ஆபீசிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் லாரியில் தண்ணீர் வந்தது. வீட்டுக்கு மூன்று குடம். லாரி வந்த அன்றைக்கு மாவுக்கு மூணு தண்ணி உண்டு. வராத அன்றைக்கு ஒரே தண்ணி.

“ஒரு தண்ணி போதும்ட்டி. குடிக்கவே இல்ல, மாவுக்கு எங்கன போக?” என்றாள் வெள்ளைத்தாய்.

“நீலம் இருக்கு, மதினி.”

“இருந்துட்டுப் போவுது. வானமுந்தான் நீலமா இருக்கு. நம்மள என்ன செஞ்சிச்சு?”

வானம் செய்ததைத்தான் அவர்கள் இரண்டு வருசமாக அனுபவித்துக்கொண்டிருந்தார்கள். வேலுத்தாய்க்கு அப்படி எதிர்த்துச் சொல்ல வராது. சொல்லாமல் இரண்டாவது தண்ணீரை ஊற்றிவிடுவாள். ஒரு நாள் மூன்றாவதையும் ஊற்றியதற்கு அண்ணன் அவள் முதுகில் ஒன்று வைத்தான். அதற்குப் பிறகு குடத்தை அவள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தார்கள்.

தெருவில் வாந்தி தொடங்கியது. முதலில் பிள்ளைகள், பிறகு பெண்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்கள். பச்சையாக எடுத்தார்கள். பத்திரகாளி இரண்டு வாரத்தில் ஐந்து தடவை எடுத்தாள். வேலுத்தாய்க்கு நேற்று, முந்தாநாள், வெள்ளி, சனி எல்லாம் குழம்பும். லாரி வந்த நாள், லாரி வராத நாள் மட்டும் குழம்பாது. வாந்தி வருவது லாரி வராத நாளில் என்று அவள்தான் முதலில் பார்த்தாள். ஒரு தண்ணி மாவு தின்கிற நாள் அது என்பதும் அவளுக்குத் தெரியும், மாவைத் தெளியவைப்பது அவள் அல்லவா. மதினியிடம் சொன்னாள்.

“சும்மா கெடட்டி. ஏஜெண்டு காதுல விழுந்தா கட்டு வராது. பொறவு அந்த ஒரு தண்ணி மாவும் கெடையாது.”

தெரு முழுக்க அந்தப் பயம்தான். பயத்துக்கு அடியில் வெட்கம் இருந்தது. பசைக்குக் கொடுத்த மாவைத் தின்றோம் என்று யார் சொல்லிக்கொள்வார்கள்?

சித்திரை முதல் வாரம் ஒரு ஜீப் வந்தது. பெரிய நகரத்து மருத்துவக் கல்லூரி ஒன்றிலிருந்து இந்த வாந்தியைப் பற்றிய ஆராய்ச்சிக்கு வந்திருந்தார்கள். டாக்டர் கண்ணுசாமிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, அடிக்கடி மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம். கூட ஒரு நர்சம்மா, சத்தியபாமா. பள்ளிக்கூடத்தில் இரண்டு மேசை போட்டார்கள். ஒன்றில் டாக்டர் கேள்வி கேட்டு அட்டையில் எழுதுவார். அடுத்ததில் நர்சம்மா ரத்தம் எடுப்பார். பதினைந்து நாளுக்கு ஒரு தடவையாக மூன்று தடவை எடுப்பார்களாம். டாக்டரின் தலைக்கு மேல் சுவரில், மூன்று வருசம் முன்னால் ஊனமுற்றோர் ஆண்டுக்காக ஒட்டிய தாள் கிழியாமல் இருந்தது. ‘அவர்களும் நம்மவரே’ என்று போட்டிருந்தது. நல்ல பசை.

தங்கப்பாண்டியன் கலர் பாட்டிலும் கடம்பூர் போளியும் வாங்கிவந்து டாக்டர் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். “நம்ம ஜனங்க சார். நான் இருந்தாத்தான் வாயத் தொறப்பாங்க” என்றார். அவர் இருந்ததால்தான் அன்று யாரும் வாயைத் திறக்கவில்லை.

“என்ன சாப்பிடுறீங்க?”

“கம்மங்கஞ்சி சார்.”

“நீங்க?”

“கம்மங்கஞ்சியும் வெங்காயமும்.”

வீட்டுக்கு வீடு இதே பதில். அந்த அட்டைகளை நம்பினால் அந்த வருசம் தும்பைக்குளத்தில் கம்பு விளைந்து களம் கொள்ளாமல் கிடந்திருக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே வெடித்துக் கிடந்த நிலத்தை டாக்டர் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் போதும். அவருக்கு எழுதுகிற அவசரம்.

வேலுத்தாய் வரிசையில் நிற்கும்போதே பேரை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் முறை வந்தது.

“பேரு?”

“வே...”

“வேலுத்தாய் சார், என் தங்கச்சி” என்று முந்திக்கொண்டான் பூவனலிங்கம். “அதுகிட்டக் கேக்காதிய. அதுக்கு வெவரம் பத்தாது.”

டாக்டர் அட்டையின் அடியில் பார்த்தார். அங்கே பொடி எழுத்தில் ஒரு விதி இருந்தது. மூளை வளர்ச்சி குன்றியவர்களிடம் கேள்வி கேட்கத் தேவையில்லை. வீட்டுப் பொறுப்பாளரிடம் கேட்டு நிரப்பவும். கல்லூரியில் விசிறிக்கு அடியில் உட்கார்ந்து யாரோ எழுதிய விதி.

“என்ன சாப்பிடுது?”

“கம்மங்கஞ்சி சார்.”

“வாந்தி, வயித்துவலி?”

“அதுக்குச் சொல்லத் தெரியாது சார்.”

அவள் ஒரு கை எட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். வாந்தி எடுத்தவள், வாந்தியை அள்ளிக் கொட்டியவள், மாவைத் தெளியவைத்தவள். டாக்டர் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே “சரி, ரத்தத்துக்கு அனுப்பு” என்றார்.

ரத்தம் எடுப்பதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. பதில் சொல்லத் தகுதியில்லாத உடம்பு ஊசிக்கு மட்டும் முழுத் தகுதியோடு இருந்தது. வேண்டுமா வேண்டாமா என்று அவளைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அண்ணன் தலையாட்டினான், அது போதும்.

மற்றவர்கள் ஊசியைக் கண்டு கையை இழுத்தார்கள், கூப்பாடு போட்டார்கள். வேலுத்தாய் அசையாமல் உட்கார்ந்தாள். “நல்ல நரம்பு” என்று நர்சம்மா சந்தோசப்பட்டார். “ரெண்டு குழாய் எடுத்துக்கிடுங்க சிஸ்டர்” என்றார் டாக்டர். எடுத்துக்கொண்டிருக்கும்போது வேலுத்தாய் நர்சம்மாவிடம் சொன்னாள்.

“லாரி வராத நா... மாவு. ஒரு தண்ணி.”

“தண்ணியா? தாரேன் தாயி, இரு” என்று நர்சம்மா ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார். கெட்ட மனசு இல்லை அவருக்கு. பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். வேலுத்தாய் தண்ணீரைப் பார்த்தாள், நர்சம்மாவைப் பார்த்தாள், கொடுத்ததைக் குடித்துவிட்டு எழுந்து போனாள்.

லாரி வராத நாளில்தான் வாந்தி வருகிறது என்பதை டாக்டரும் ஒரு வாரத்தில் கண்டுபிடித்தார். அதற்கு அவருக்கு ஒரு பெரிய தாளும் சிவப்பு மையும் தேவைப்பட்டன. லாரி வராத நாளில் ஜனங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள், ஆகவே கிணறுதான் காரணம் என்று முடிவு செய்தார். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் கொட்டினார்கள். ஊர் நிம்மதியாக மூச்சு விட்டது. கிணறு பதில் பேசாது, கிணற்றுக்கு யாரும் கட்டு நிறுத்த முடியாது.

வாந்தி நிற்கவில்லை.

இரண்டாம் ரத்தத்துக்கு முக்கால்வாசிப் பேர் வரவில்லை. ஒருத்திக்குத் தலை சுற்றியதாம், ஒருத்தன் கோவில்பட்டிக்குப் போய்விட்டானாம். வேலுத்தாயை அண்ணன் கூட்டிவந்து உட்கார வைத்தான். இந்தத் தடவை அவள் நேராக டாக்டர் மேசைக்குப் போய் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“மா... வு” என்றாள். “மாவு, சார்.”

பூவனலிங்கம் சிரித்தான். “பசிக்கி சார் அதுக்கு. எந்நேரமும் தீனி நெனப்பு.”

டாக்டரும் சிரித்தார். தங்கப்பாண்டியன் சிரிக்கவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது. போகும்போது பூவனலிங்கத்தை ஓரமாகக் கூப்பிட்டு, “ஏலே, ஒந்தங்கச்சி வாயக் கட்டி வையி. கட்டு வேணுமா வேண்டாமா ஒனக்கு?” என்றார். அன்று முழுக்க அண்ணன் அவளிடம் முகம் கொடுக்கவில்லை. அடித்திருந்தால்கூட அவளுக்கு விளங்கியிருக்கும்.

வைகாசி பிறந்தது. பத்திரகாளி ஒரு லாரி வராத நாளில் எடுத்த வாந்தியில் ரத்தம் இருந்தது. கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். பிள்ளை வதங்கிய கீரைத்தண்டு மாதிரி மதினியின் தோளில் கிடந்தாள். ஆனாலும் ஏஜெண்டு வந்தார், கட்டு தந்தார், மாவு தந்தார். ஒரு தண்ணி ஊற்றினார்கள். அடுப்பு எரிந்தது. வேலுத்தாய் தன் பங்கு அடையைப் பிள்ளைக்குக் கொடுக்கவும் இல்லை, தானும் தின்னவில்லை. கூரை எரவாணத்தில் சொருகிவிட்டு வந்து உட்கார்ந்தாள். இந்தப் பிள்ளை போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது. யாரிடமாவது சொல்லி, அவர்கள் அதை எழுதிக்கொள்ள வேண்டும். எழுதினால்தான் டாக்டர் நம்புகிறார் என்பதை அவள் பார்த்திருந்தாள்.

மூன்றாம் ரத்தத்துக்கு ஜீப் வந்த அன்று டாக்டர் முகத்தில் களை இல்லை. முதல் இரண்டு தடவையும் தவறாமல் கொடுத்தவர்கள் மொத்தம் பதினொரு பேர். மூன்றாவதும் கிடைத்தால்தான் ஆராய்ச்சிக்கு ஆகும். தங்கப்பாண்டியன் வீடு வீடாகப் போய் ஆள் திரட்டினார். பள்ளிக்கூடம் நிறைந்தது, வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சேர்த்து.

நர்சம்மா வேலுத்தாயின் புஜத்தில் ரப்பரைக் கட்டினார். பஞ்சால் துடைத்தார். ஊசியை எடுத்துத் திரும்பியபோது கை இல்லை. சேலைக்குள் போயிருந்தது.

“கைய நீட்டு தாயி.”

“கேளுங்க” என்றாள் வேலுத்தாய்.

“என்னது?”

“கே... ளுங்க. பொறவு குத்துங்க.”

பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். “ஏலே பூவனலிங்கம், ஒந்தங்கச்சி கலெக்டராயிட்டா டோய்! மனு குடுத்துட்டுக் குத்தணுமாம்!”

கூட்டம் சிரித்தது. பூவனலிங்கம் வந்து கையைப் பிடித்து இழுத்தான். முரண்டு பிடிக்கிற ஆட்டை இழுத்துப் பழகியவன்தான். அவளும் அதே ஆடுகளோடு வளர்ந்தவள். இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டாள், முக்காலி நகர்ந்ததே தவிரக் கை வெளியே வரவில்லை. டாக்டர் எழுந்து வந்தார். பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து அவள் முகத்துக்கு முன்னால் ஆட்டினார். இருபத்தேழு வயதுப் பெண்ணின் முகத்துக்கு முன்னால். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

“கேட்டுத்தான் பாருங்களேன் சார்” என்றார் நர்சம்மா. குரலில் ஏதோ மாறியிருந்தது. ஒருவேளை அந்தத் தண்ணீர்த் தம்ளர் ஞாபகம் வந்திருக்கலாம்.

“இது சொல்றத எழுத முடியாது சிஸ்டர். விதியில இல்ல.”

“எழுத வேண்டாம் சார். கேளுங்க. நேரம் போவுதுல்லா?”

டாக்டர் நாற்காலியில் பக்கவாட்டாக உட்கார்ந்தார். அட்டையை எடுக்கவில்லை.

“பேர் என்ன?”

பூவனலிங்கம் வாயெடுத்தான். நர்சம்மா விரலைக் காட்டினார். பள்ளிக்கூடம் காத்திருந்தது. ஒரு பேருக்காக அத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு இருந்தது அங்கே அதற்கு முன் நடந்ததில்லை.

“வே... லுத்தாய்.”

“சரி வேலுத்தாய். நேத்து என்ன சாப்பிட்ட?”

நேத்து என்றதும் அவளுக்குக் குழம்பியது. நெற்றியைச் சுருக்கினாள். பிறகு அவளே கேட்டாள். “லாரி வந்த நாளா? வராத நாளா?”

டாக்டர் நேராக உட்கார்ந்தார். “வராத நாளு.”

“ஒரு தண்ணி மாவு. அடை.”

“வந்த நாளு?”

“மூணு தண்ணி மாவு.”

“என்ன மாவு?”

“பசை மாவு. துத்தம் போட்டது. ஒரு தண்ணிக்கி... நீலம் போவாது. திம்போம். காளிக்கி வாந்தி. எல்லாருக்கும். வராத நா, வாந்தி.” மூச்சு இழுத்துக்கொண்டாள். “கெணறு இல்ல, சார்.”

சொல்ல வேண்டியது எல்லாம் அதில் இருந்தது. என்ன தின்றார்கள், எந்த நாளில், எத்தனை தண்ணீரில், ஏன். ஒரு மாசம் ஜீப்பும் குழாயும் சிவப்பு மையும் தேடியதை அவள் நாலு மூச்சில் வைத்துவிட்டாள்.

தங்கப்பாண்டியன் எழுந்தார். “சார், அது என்னத்தையாவது ஒளறும். அத ஒரு பேச்சுன்னு...”

டாக்டர் கூட்டத்தைப் பார்த்தார். “இது உண்மையா? விவரமான ஆளு யாராவது ஒருத்தர் சொல்லுங்க. இத மட்டும் வச்சு நான் எழுத முடியாது.”

விவரமான ஆட்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். பூவனலிங்கம் தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலுத்தாய் மட்டும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாருக்கும் தெரிந்த ஒன்றுக்கு ஏன் இத்தனை யோசனை என்பது அவளுக்குப் புரியவில்லை.

“ஆமா சார்.”

வாசல் பக்கம் வெள்ளைத்தாய் பிள்ளையைத் தோளில் போட்டபடி நின்றாள். “அவ சொன்னது நெசந்தான். பசை மாவத்தான் திங்கோம். பெறகு எதத் திங்க? கம்மங்கஞ்சின்னு சொன்னதெல்லாம் பொய்யி.”

“யம்மா, பெட்டி ஒட்டத்தான மாவு தந்தேன்? திங்கவா தந்தேன்?” என்றார் தங்கப்பாண்டியன்.

“திங்கக் கூடாதுன்னுதான அண்ணாச்சி வெசத்தக் கலந்து தந்திய? எலிக்கி வைக்கது மாதிரி எங்களுக்கு வச்சிய. எம்பிள்ளையப் பாருங்க. எலி மாதிரியா இருக்கா?”

அதன் பிறகு பெண்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். டாக்டர் அட்டையை இழுத்துப் போட்டார். பேனா ஓடியது. ஒரு மாசமாக வேலுத்தாய் சொன்னதற்கு ஒரு புள்ளிகூட வைக்காத பேனா, வெள்ளைத்தாய் ஒரு தடவை சொன்னதும் பக்கத்தைத் தாண்டி ஓடியது.

“எவ்வளவு மாவுக்கு எவ்வளவு தண்ணி ஊத்துவீங்க?” என்று வெள்ளைத்தாயைக் கேட்டார்.

“எனக்கு அம்புட்டுத் தெரியாது சார். தெளிய வைக்குதது அவதான்.”

டாக்டர் தலையாட்டினார். “சரி, எவ்வளவு நேரம் தெளிய விடுவீங்க?” என்று அடுத்த கேள்வியையும் வெள்ளைத்தாயிடமே கேட்டார்.

வேலுத்தாய் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பதில் அவள் நாக்கில் இருந்தது. ‘நிழல் அம்மிக்கல்லிலிருந்து உரலுக்கு வரும்வரை’ என்பது பதில். மதினி உத்தேசமாக “அர மணி” என்றாள், அது எழுதப்பட்டது. அடுத்த கேள்வி, அடுத்த பதில். ரப்பர் இன்னும் அவள் புஜத்தில் இறுக்கிக்கொண்டிருந்தது. அதை அவிழ்க்க எல்லாருக்கும் மறந்துபோயிருந்தது.

எல்லாம் எழுதி முடித்து டாக்டர் சிரித்த முகமாக எழுந்து வந்தார். அன்றைக்கு முதல் சிரிப்பு. “நல்ல பொண்ணு. கேட்டாச்சுல்ல? இப்பக் கைய நீட்டு, பாப்போம்.”

வேலுத்தாய் சேலைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். நர்சம்மா ஊசியை எடுத்தார். அவளுடைய மறு கை ரப்பரை உருவி மேசைமேல் வைத்தது.

“மதினிகிட்டல்லா கேட்டிய” என்றாள். இந்தத் தடவை எங்கேயும் நிற்காமல் வந்தது. “மதினி கையில குத்துங்க.”

கூட்டத்தில் யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். அவள் எழுந்து, மதினியின் தோளிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு வெளியே இறங்கினாள். அண்ணன் கூப்பிட்டான். டாக்டர் கூப்பிட்டார். இரண்டு பேருமே “ஏ, இந்தா” என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை.

டாக்டர் கலெக்டருக்கு எழுதிய கடிதத்துக்குப் பலன் இருந்தது, இல்லையென்று சொல்லக் கூடாது. பத்து நாளில் பள்ளிக்கூடத்தில் கஞ்சித்தொட்டி திறந்தார்கள். தங்கப்பாண்டியன் மூன்று வாரம் தலைகாட்டவில்லை. பிறகு பெட்டி வேண்டியிருந்ததால் வந்தார், இந்தத் தடவை மாவாகத் தராமல் காய்ச்சிய பசையாகவே டின்னில் தந்தார். துத்தம் அதிலும் இருந்தது. வாந்தி நின்றது. பத்திரகாளி தெருவில் ஓட ஆரம்பித்தாள். பட்டணத்தில் ஒரு பெரிய கூட்டத்தில் டாக்டர் இதைப் பற்றிப் பேசிக் கைதட்டு வாங்கினாராம். ‘விவரமுள்ள ஒரு குடும்பத் தலைவி’ மூலம் உண்மை வெளிப்பட்டது என்று சொன்னாராம்.

ஆடி மாசம் நர்சம்மா மட்டும் பஸ்ஸில் வந்து வீடு வீடாக அவரவர் அட்டையைக் கொடுத்தார். வேலுத்தாய் தன் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவரிடமே நீட்டினாள்.

“என்ன போட்ருக்கு?”

நர்சம்மா தயங்கினார். பிறகு படித்தார். “பெயர், வேலுத்தாய். தகவல் தந்தவர், அண்ணன். உணவு...” நிறுத்தினார். “கம்மங்கஞ்சி.”

“அது பொய்யி.”

“ஆமா தாயி. மாத்தாம விட்டுட்டாங்க.” கீழே பார்த்தார். “மூன்றாம் ரத்தம், ஒத்துழைக்கவில்லை.”

“அப்படின்னா?”

“குத்த விடலைன்னு அர்த்தம்.”

வேலுத்தாய் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

“ஆமா” என்றாள். “விடல.”

அந்த அட்டை முழுக்க, அவள் வாயால் ஆமென்று சொன்ன வரி அது ஒன்றுதான்.